எல்லாருக்கும் ஒரு வீல்சேர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றுப்போய், அதோடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுவேன். எங்கள் டிராவல்ஸ் சங்கத்து மலருக்கு, விமானத்திலும் கப்பலிலும் சௌகரியமாகப் போவது எப்படி என்று தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எழுதித் தரும்படி முதலாளி சொன்னார். அதனால் எழுதுகிறேன். யோசனை சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதைப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. லோடு ஏற்றியவன் ஆள் ஏற்ற வந்தது

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தேன். அது மூடியதும் நாமக்கல்லில் இந்த டிராவல்ஸில் சேர்ந்தேன். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். முதல் நாளே சொன்னார்: "ணா, லாரில சரக்கு கத்தாது. இங்க கத்தும். அவ்வளவுதான் வித்தியாசம்."

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்கள். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள், தோட்டக்காரர்கள், லாரி பாடி கட்டுகிறவர்கள். அவர்கள் வீட்டுக்கே போய்ப் பெட்டி கட்டிக் கொடுத்து, எடை பார்த்து, வழியில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவது என் வேலை. தார்ப்பாய் கட்டிப் பழகிய கை என்பதால் பெட்டி கட்டுவது சுலபமாக வந்தது. பேசுவதுதான் சிரமம். அதனால் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நடைபாதை ஓரத்து சீட் கேளுங்கள். இறுக்கமான துணி வேண்டாம். காலில் சாக்ஸ், காதுக்கு மப்ளர். ஏறும்போதும் இறங்கும்போதும் மிட்டாய் சப்பினால் காது அடைக்காது. பாத்ரூம் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். முக்கியமாக, ஒரேயடியாக உட்கார்ந்திருக்காதீர்கள். அடிக்கடி எழுந்து கடைசி வரை நடந்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் கால் வீங்கும். கப்பலாக இருந்தால் நடுவில், கீழ்த்தட்டில் ரூம் கேளுங்கள், ஆட்டம் குறைவு. தீவனக் கம்பெனி செலவில் கப்பலில் போய்வந்த டீலர்கள் சொன்னது இது. நான் கப்பலைப் பார்த்ததில்லை.

விமானத்திலும் போன வருஷம் வரை ஏறியதில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2. சேர் போடுவது

இன்னொரு யோசனையும் உண்டு. அது மனப்பாடத்தில் இல்லை, எங்கள் ஆபீசின் வழக்கத்தில் இருந்தது. டிக்கெட் போடும்போதே வீல்சேர் வேண்டும் என்று போட்டுவிடுவோம். நடக்க முடியாதவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்.

சேர்ந்த புதிதில் நான் முதலாளியிடம் கேட்டேன். "நல்லா நடக்கறவங்களுக்கு எதுக்குங்க?"

"ணா, கால யாரு கேட்டா? இங்கிலீஷ் வராதில்ல? சேர் போட்டுட்டா தள்றவன் வரிசையில நிக்காம கூட்டிட்டுப் போயி, அடுத்த பிளைட்டுல ஏத்தி, அங்க மகங்கிட்டயே கொண்டுபோயி ஒப்படைச்சிருவான். நமக்கும் நடுராத்திரில போன் வராது."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நானும் போட ஆரம்பித்தேன்.

போன வருஷம் அமெரிக்காவில் இருக்கும் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி முன்பே போயிருந்தாள். நானும் கிளம்பினேன். அதே விமானத்தில் பரமத்தி வேலூரிலிருந்து பாப்பாத்தியம்மா என்று ஒருவர், மகளின் பிரசவத்துக்குப் போனார். வெற்றிலைத் தோட்டக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாழைத்தாரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கிறவர். அவரைப் பத்திரமாகக் கூட்டிப் போகும் பொறுப்பு எனக்கு. இருவருக்கும் முதலாளி சேர் போட்டிருந்தார்.

பாப்பாத்தியம்மா பெங்களூர் விமான நிலையத்திலேயே முறைத்தார். "ஏனுங்க தம்பி, காலு கல்லாட்டம் இருக்கறப்ப வண்டியில உக்கோந்தா, பாக்கறவங்க என்னுங்க நெனப்பாங்க?"

"அங்க நம்மள யாருக்குங்க தெரியும்? சேர் இருந்தாத்தான் பிளைட் மாறிப் போக முடியுமுங்க. இல்லீனா வழி தவறிப் போயிருமுங்க."

வழி தவறும் என்றதும் உட்கார்ந்துகொண்டார்.

3. பை போட்டது

வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாற வேண்டும். எங்கள் விமானம் தாமதமாக இறங்கியது. இடையில் நேரம் குறைவு. அடுத்த விமானத்தின் கேட் அந்தக் கட்டடத்தின் மறுகோடியில்.

விமானத்தின் கதவைத் தாண்டியதும் ஒரு இடத்தில் வீல்சேர்கள் நிற்கும். அன்று நின்றவை கொஞ்சம். சேர் போட்டு வந்தவர்கள் ஏராளம். எல்லாம் எங்களைப் போன்ற அப்பா அம்மாக்கள்தான். சேர் குறைவு என்று தெரிந்ததும் கூட்டம் நகர்ந்தது. பிறகு நடந்தது. பிறகு ஓடியது. வீல்சேரைப் பிடிக்க ஓடிய கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒரு சேரை எட்டிப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, சீக்கிரம் வாங்க" என்று திரும்பிக் கூப்பிட்டேன். பாப்பாத்தியம்மா இரண்டு பேருக்குப் பின்னால் இருந்தார். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக சீட் பிடிப்பதுபோலத் தன் கைப்பையை வீசினார். அது கடைசி சேரில் போய் விழுந்தது. அவருக்கு முன்னால் நின்றவர்களும் நம் ஊர்க்காரர்கள்தானே, அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

எங்கள் இருவரையும் ஒரே ஆள், கைக்கு ஒரு சேராகத் தள்ள வந்தார். என் வயதுதான் இருக்கும். தென்காசிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, காலுல என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"முட்டிங்க. முட்டி வலி" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஒங்களுக்கும்மா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங் சாமி. இங்கிலீசுதான் வராது."

அவர் சிரித்தார். "அப்பொ வாய்க்குல்லா வண்டி வேணும். காலுக்கு எதுக்கு?"

பாப்பாத்தியம்மாவும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சுவர் ஓரமாக ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு நிற்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

4. முட்டி

பனமரத்துப்பட்டிப் பெரியவர் அவர். சர்க்கரை நோயால் ஒரு காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மரக்கால் போட்டிருந்தார். அவருக்கும் டிக்கெட் போட்டது எங்கள் ஆபீஸ்தான், பெட்டி கட்டிக் கொடுத்தது நான்தான். எங்கள் விமானத்தில்தான் மனைவியோடு வந்திருந்தார், பெங்களூர்க் கூட்டத்தில் என் கண்ணில் படவில்லை. மகன் அமெரிக்காவில் வீடு வாங்கியிருந்தான். அப்பா வந்து பால் காய்ச்ச வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். இந்த விமானத்தை விட்டால் அந்த முகூர்த்தம் போய்விடும். அவர் வீட்டில் உட்கார்ந்து, "உங்களுக்குச் சேர் போட்டிருக்குதுங்க, ஒரு அடி நடக்க வேண்டியதில்லை" என்று நானே சொல்லியிருந்தேன்.

ஓட முடியாதவர் கடைசியில் வந்தார். சேர் தீர்ந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் மனைவியின் முகம் மலர்ந்தது. "நம்ம ஆபீஸ் தம்பி இருக்குதுங்க. இனிப் பயமில்ல" என்றார் கணவரிடம்.

பெரியவர் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. வருத்தம்தான் இருந்தது. "அடடா, உங்களுக்கும் காலு முடியலீங்களா தம்பி? சொல்லவே இல்லையே."

அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, "உட்காருங்க ஐயா" என்றிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் முட்டி வலி என்று ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். எழுந்தால் பொய் தெரிந்துவிடும்.

"ஆமாங்க, கொஞ்சம்" என்றேன்.

பாப்பாத்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எழுந்து நின்றார். "இதுல உக்கோருங்க அண்ணா. நான் சும்மா உக்கோந்து பாத்தேன்" என்று பெரியவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் எல்லாருடைய கைப்பைகளையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பெரியவரின் மனைவியைப் பார்த்து, "வாங்க அம்மணி, வண்டி பின்னாடியே போனா வழி தவறாதுங்க" என்றார்.

அப்படியே போனோம். நானும் பெரியவரும் பக்கத்துப் பக்கத்துச் சேரில். அந்த இரண்டு பெண்களும் நடந்து. வழி நெடுகப் பெரியவர் என் முட்டியைப் பற்றியே பேசினார். வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொன்னார். "சின்ன வயசு. இப்பவே பாத்துக்கணும் தம்பி. என்னாட்டம் உட்டுறாதீங்க" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். தள்ளி வந்தவர் என்னை இறக்கிவிடும்போது காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, உள்ள போகும்போது நொண்ட மறந்துராதிய."

நான் நொண்டினேன்.

5. பறந்த நேரம்

நடக்க முடியாதவர்களுக்குப் பாத்ரூம் பக்கத்தில் ஓரத்து சீட் போட்டுத் தர வேண்டும் என்பது என் யோசனைதான். பெரியவருக்கு அப்படிப் போட்டிருந்தேன். எனக்கும் அதே வசதி இருக்கட்டும் என்று, அவருக்கு நேர் எதிர் ஓரத்தை எனக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நடைபாதை மட்டும்.

அமெரிக்கா போகும் அந்த நீண்ட பயணம் முழுக்க நான் எழவில்லை. எழுந்தால் நொண்ட வேண்டும். அதனால் தண்ணீரும் குடிக்கவில்லை. ஊரெல்லாம் போய் என்னவெல்லாம் செய்யாதீர்கள் என்று சொன்னேனோ, அவ்வளவையும் செய்தேன். பெரியவரோ நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, மரக்காலோடு அவ்வப்போது எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வந்தார். "தம்பி சொன்னது நெசந்தான். நடந்தாச் சுகமா இருக்குது" என்றார் என்னிடம். "உங்களுக்குத்தான் பாவம், முடியல."

ஒரே ஒரு முறை, அவர் கண் அயர்ந்த நேரம் பார்த்துப் பாத்ரூம் போனேன். திரும்பி வரும்போது விழித்திருந்தார். அவசரமாக நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த பாப்பாத்தியம்மா மெல்லச் சொன்னார். "ஏறயில சோத்தாங்கைப் பக்கமில்லீங்க நொண்டுனீங்க? காலு மாறிப் போச்சுங்க தம்பி."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். போர்வையை எடுத்து என் காலின் மேல் போட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

இறங்கும்போது என் இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. செருப்பு ஏறவில்லை. நின்றால் ஊசி குத்துவதுபோல இருந்தது. இப்போது நிஜமாகவே நொண்டினேன். கதவருகே முதலில் ஒரே ஒரு சேர்தான் வந்தது. பெரியவர் அதைக் கையால் தள்ளிக் காட்டினார். "மொதல்ல தம்பிய ஏத்துங்க. காலப் பாருங்க எப்பிடி வீங்கிக் கெடக்குது. நான் அடுத்ததுல வாரேன்."

வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. தடியை ஊன்றி ஒதுங்கி நின்றார். அந்தச் சேரில் போனவன் நான்தான்.

6. தொழிலுக்கு வருபவர்களுக்கு

இப்போது நான் சேர் போடுவதற்கு முன்னால், நடப்பீங்களா என்று கேட்கிறேன். நடப்பேன் என்கிறவர்களுக்கு எங்கே திரும்ப வேண்டும், எந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு நேரம் பிடிக்கிறது. முதலாளி முணுமுணுக்கிறார். கோபித்துக்கொண்டு வேறு ஆபீசுக்குப் போனவர்களும் உண்டு.

சௌகரியம் என்று நாம் ஒருவருக்கு வாங்கிக் கொடுப்பது பல நேரம் இன்னொருவருடையது. தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தினமும் தெரிகிறது. ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் போடுகிற நமக்குத் தெரிவதில்லை. பொய் சொல்லி உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அமெரிக்காவில் இறங்கிய மறுநாளே என் கால் வீக்கம் வற்றிவிட்டது. பால் காய்ச்சி முடிந்ததும் பெரியவர் போன் செய்து, முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லைங்க என்றேன்.