பொழுது சாய்வதற்குள்

சிலம்பம் பழகுகிறவன் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கம்பு சுற்ற வேண்டும்? ஒரு பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் மூன்று மணி நேரம் என்றார். அதற்குக் குறைந்தால் கம்பு கைக்கு அடங்காதாம். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற சமண வீட்டில் கம்பு எதற்கு என்று கேட்ட நைனா, அண்ணனின் பிடிவாதத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு இறங்கி வந்தார். அம்மா மட்டும் நேரம் எதுவும் சொல்லவில்லை. எத்தனை மணி நேரமோ சுற்றிக்கொள், பொழுது சாய்வதற்குள் வந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்றாள்.

பொழுது போன பிறகு சாப்பிடுகிற வழக்கம் எங்களில் கிடையாது. பானையை மூடினால் மூடியதுதான், விடிந்துதான் அடுத்த சோறு. செஞ்சிக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. சூரியன் அதன் பின்னால் இறங்கியதும் நிழல் கிடுகிடுவென்று எங்கள் தெருவுக்கு வந்துவிடும். அதுதான் பொழுது சாய்வது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒன்பது வயதில் நானும் அதைக் கேள்வி கேட்காமல் நம்பினேன்.

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம் அது. அண்ணனுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும் என்று ஒரே வெறி. கம்பு தெரிந்தவனை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று யாரோ அவனிடம் அளந்துவிட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போவான். பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச்செடிக்குக் களை வெட்டுகிற வேலை. நாலு மணிக்குத்தான் கம்பைத் தொட முடியும். அதிலிருந்து மலை மறைக்கிற வரை பார்த்தால் நைனா சொன்ன ஒரு மணி நேரம்தான் தேறும்.

அவனைக் கூப்பிட்டு வருவது என் வேலை. நான் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு நிற்பேன்; சூரியன் மலையைத் தொட்டதும் அவன் கம்பு சுற்றுகிற ஏரிக்கரைக்கு ஓட வேண்டும். நாலைந்து நாள் ஒழுங்காகத்தான் ஓடினேன். ஒருநாள் அண்ணன் என் முன்னால் குந்தி, முகமெல்லாம் வேர்வையாக, கெஞ்சுகிற மாதிரி பேசினான்.

"பாப்பா, நாளைல இருந்து கொஞ்சம் லேட்டா வா. எனக்கு இந்த நேரம் பத்தல."

சோறு என்று கேட்டேன்.

"ஒரு வேள சோறு இல்லன்னா செத்தா பூடுவேன்?"

அவ்வளவு பெரிய அண்ணன் என்னிடம் வந்து ஒரு காரியம் கேட்கிறான் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து வழியில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டு நின்றேன். நிழல் தெருவைத் தாண்டி நெடுநேரம் கழித்துத்தான் போய்க் கூப்பிட்டேன். நாங்கள் வீட்டுக்கு வரும்போது வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா பானையை மூடியிருப்பாள். அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். மீந்த சோற்றை அம்மா கழுநீர்த் தொட்டியில் கொட்டுவாள். அது ஒரு ஆள் சோறு இல்லை, இரண்டு ஆள் சோறு. அண்ணன் சாப்பிடாத நாளில் அவளும் சாப்பிடவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. அந்தப் பனிக்காலத்தில் எங்கள் வீட்டில் கொழுத்தது மாடுதான்.

மார்கழியில் பக்கத்து ஊர் அனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. பனிமலைக்குச் சண்டைக்குப் போன பையன். உடம்புகூட வரவில்லை. அம்மா துக்கம் கேட்கப் போய்விட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணனே கேட்டான், நான் பட்டாளத்துக்குப் போறதுக்கு நீ இன்னாம்மா சொல்ற என்று.

"நான் இன்னா சொல்றது. எடுத்தா போ."

அம்மா சம்மதித்துவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். அன்றிலிருந்து இன்னும் லேட்டாகப் போனேன். அண்ணனின் கம்பு காற்றில் விர் விர்ரென்று பேசியது. விலா எலும்பும் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டான், கம்பைக் குறைக்கச் சொல் என்று நைனா அம்மாவிடம் சத்தம் போட்டார். அம்மா பானையை இறுக்கி மூடினாள்.

பங்குனியில் வேலூரில் ஆள் எடுத்தார்கள். அண்ணன் கம்பையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அங்கே கம்பை ஒருவரும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, வரிசையில் விட்டு, எடை மெஷினில் நிறுத்தினார்கள். ஐந்து பவுண்டு குறைவு, போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் எந்த ஆள் எடுப்புக்கும் போகவில்லை.

அவன் திரும்பி வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. தெருவெல்லாம் நிழல். அம்மா பானையை மூடாமல் இலை போட்டுக் காத்திருந்தாள்.

"பொழுது பூடுச்சேம்மா" என்றான் அண்ணன்.

"மலதான் மறச்சிக்கினு இருக்குது. அதுக்கு அந்தாண்ட பொழுது இன்னும் கெடக்குது. சாப்டு."

அண்ணன் அழுதுகொண்டே சாப்பிட்டான். அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். அவன் எழுந்ததும் அதே இலையில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். இத்தனை நாள் எங்கே போனது இந்தப் பொழுது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் வந்தது. அண்ணனைப் பட்டினி போட்டது நான்தானே.

அம்மா கொல்லைப்பக்கம் பாத்திரம் துலக்க உட்கார்ந்ததும், பின்னாலேயே போய்ச் சொல்லி அழுதேன். நான்தான் தினமும் லேட்டாகக் கூப்பிட்டேன், என்னால்தான் அண்ணனை எடுக்கவில்லை என்று.

அம்மாவின் கை நின்றது.

"தெரியும் பாப்பா. நீ லேட்டாதான் கூப்ட்டே. பானைய மூடுனது நான்."

சொல்லிவிட்டு, சாம்பல் ஒட்டிய ஈரக்கையோடு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அம்மா என்னை மன்னித்துவிட்டாள் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.