மேட்டுப் பக்கம் கட்டிய வளையம்

என் மகளுக்கு உயரம் போதாது. அது என்னிடமிருந்து வந்தது. கூடைப்பந்தில் அவளைவிட ஒரு சாண் உயரமான பிள்ளை முன்னால் நின்று கையைத் தூக்கினால், அவள் எறியும் பந்து அந்தக் கையைத் தாண்டாது. அதனால் அவளுடைய பள்ளிக்கூடத்து மிஸ் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார். எறியப் போகிற மாதிரி பாவனை காட்டி எதிரே நிற்பவளைக் குதிக்க வைக்க வேண்டும், அவள் கீழே இறங்கும்போது எறிய வேண்டும். அப்படி எறிவதில் பத்துக்கு ஏழு பந்தாவது வளையத்துக்குள் விழ வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தோடு முடிந்துவிடும். ஹட்டனில் விடுதியோடு இருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், விளையாடுகிற பிள்ளைகள் சிலரை உயர்தர வகுப்புக்கு எடுப்பார்கள். மகளின் பரீட்சைப் பெறுபேற்றுக்கு வேறு எந்த வழியிலும் அங்கே இடம் கிடைக்காது. அந்த விளையாட்டுத் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தேர்வு சரிவராவிட்டால் தன் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடையில் அவளைச் சேர்த்துவிடலாம் என்று முதலாளியிடம் அவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் கட்ட மணலும் கல்லும் கொண்டுவந்து பந்து விளையாடும் இடத்தில் கொட்டிவிட்டார்கள். மிஸ் ஒரு பந்தை மட்டும் மகளிடம் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க, வேற இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

காலையில் எங்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களம், பின்னேரத்தில் சும்மாதான் கிடக்கும். பேக்டரியில் வேலை செய்யும் என் தம்பி ஒரு கம்பியை வளைத்து வளையம் செய்து தந்தான். கம்பத்தை எங்கே நடுவது என்று கேட்டான். களத்தின் கீழ்ப் பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கான், அதைத் தாண்டினால் தேயிலை, அதற்கும் கீழே ஓடை. பந்து ஓடைக்குப் போனால் போனதுதான். மேட்டுப் பக்கம் நட்டால், விழாத பந்து தானாகவே உருண்டு எறிகிறவளின் காலடிக்குத் திரும்பி வரும்.

"மேட்டுப் பக்கம் நடு" என்றேன். அதைச் சொன்னது நான்தான்.

தம்பி டேப் பிடித்து, கம்பத்தின் அடியிலிருந்து பத்து அடி சரியாக அளந்து வளையத்தைக் கட்டினான். பந்து திரும்பித் திரும்பி வந்தது. நல்ல யோசனை என்று மூன்று பேரும் நினைத்தோம்.

எதிரே நிற்க ஆள் வேண்டும். அவளுடைய கூட்டாளிகளில் ஒருத்தி நுவரெலியாவில் மரக்கறித் தோட்ட வேலைக்குப் போய்விட்டாள், மற்றவளை வீட்டில் விடவில்லை. ஆகவே பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் நான் நின்றேன். நாற்பத்தாறு வயதில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல்.

முதல் நாள் அவள் பந்தைத் தலைக்கு மேல் கொண்டுபோனதும் நான் கையைத் தூக்கிக் குதித்தேன். பந்து அவள் கையிலேயே இருந்தது. நான் இறங்கியதும் எறிந்தாள். வளையத்துக்குள் விழுந்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"என்னக்கா, சாமி வந்துருச்சா?"

இன்னொருத்தி, "வந்தா வரட்டும். எங்க மலையில கொழுந்து எப்ப தளிர்க்கும்னு கேட்டுச் சொல்லுக்கா."

நான் தலையில் போட்டிருந்த கொங்காணித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் கைகால் ஓடாது. மகள்தான், "அவங்கள பாக்காதம்மா, என்னய பாரு" என்றாள்.

அவளைப் பார்த்தேன். தினமும் பார்த்ததால் ஒரு மாதத்தில் ஒன்று தெரிந்துவிட்டது. நிஜமாக எறியும்போது முழங்காலை நன்றாக மடித்து, உட்காருகிற மாதிரி தாழ்ந்து எழும்புவாள். பாவனை காட்டும்போது மடிக்க மாட்டாள். வளையம் உயரமாக இருந்ததால் அவ்வளவு உந்தல் தேவைப்பட்டிருக்கிறது. அப்போது எனக்கு அந்தக் காரணம் தெரியாது. எது பொய், எது நிஜம் என்பது மட்டும் தெரிந்தது.

தெரிந்தும் குதித்தேன். ஏமாற்றிவிட்டு அவள் சிரிக்கும் சிரிப்பை வீட்டில் வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை. பந்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்றும் ஒரு எண்ணம். மூன்றாம் மாதம் பத்துக்கு எட்டு விழுந்தது.

தேர்வு ஒரு சனிக்கிழமை. டிக்கோயாவில் பஸ் நின்று நின்று போனதில், ஆரம்பிக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். எறிந்து பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. சீமெந்துத் தரை, வெள்ளைக் கோடு, வளையத்துக்குப் பின்னால் கண்ணாடிப் பலகை. பெற்றோர்கள் கம்பி வலைக்கு வெளியே நின்றோம்.

முதலில் ஆளுக்குப் பத்து பந்து. மகளின் முதல் பந்து வளையத்தைத் தொடாமலே பலகையில் மோதித் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மெதுவாக எறிந்தாள், அது வளையத்துக்கு முன்னாலேயே விழுந்தது. பத்தில் இரண்டுதான் விழுந்தது.

பிறகு மூன்று பேருக்கு மூன்று பேர் விளையாட விட்டார்கள். அவளுக்கு எதிரே ஒரு நெட்டையான பிள்ளை. முதல் தடவை அந்தப் பிள்ளை ஏமாந்து குதித்தது. மகள் அப்போது எறிந்ததும் பலகையில்தான் பட்டது. அடுத்த தடவையிலிருந்து அது குதிக்கவில்லை. மகளின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு ஒரு மாதம் எடுத்தது, அந்தப் பிள்ளைக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது.

ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு பந்து, வைத்த இடத்திலேயே நின்றது. உருளவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் களத்தில் எந்தப் பந்தும் வைத்த இடத்தில் நின்றதில்லை. வளையம் பத்து அடிதான், ஆனால் எறிகிறவள் ஒரு அடி பள்ளத்தில் நின்றிருக்கிறாள். பதினோரு அடிக்குப் பழகிய கை இங்கே வளையத்தைத் தாண்டி எறிகிறது. பிறந்ததிலிருந்து சரிவிலேயே நின்று வேலை செய்கிறவர்களுக்கு அது சரிவாகத் தெரியவில்லை.

முடிந்ததும் தேர்வு நடத்திய மிஸ் வலைப்பக்கம் வந்தார். "அம்மா அப்பா யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல இருந்தது. மிஸ், எங்க எடம் சரிவு, மேட்டுப் பக்கம் வளையத்தக் கட்டிப்புட்டோம், ஒரு கிழம சமதரையில எறிய விட்டுப் பாருங்க. வாய்க்குள் முழுதும் தயாராக இருந்தது. சுற்றிலும் சப்பாத்துப் போட்ட அப்பாமார், கைப்பை பிடித்த அம்மாமார். மிஸ் என்னையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ நெசமாவே ஏமாந்தியா?"

"மொத மாசம்" என்றேன்.

"அப்புறம்?"

"முழங்கால மடிச்சா எறியுவ. மடிக்கலன்னா பொய்யி. தெரியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்ல."

"ம்."

களம் சரிவு என்பதையும் அப்போதே சொன்னேன். ஏன் அங்கே வைத்துச் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. நான் ஏன் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

பெயர்ப் பட்டியல் வந்தபோது அதில் அவள் இல்லை. வீட்டுக்காரர் போன் எடுத்து, மகளைத் திங்கட்கிழமை கொழும்புக்கு வரச் சொன்னார். இப்போது அவள் கொழும்பில் அந்தத் துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலையிலிருந்து கடை பூட்டும்வரை உட்கார விடமாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். சாப்பிட்டியா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.