ஓடைக்கரையில் அண்ணனின் எஞ்சின்

போன வாரம் போடிமெட்டு ஏறி, முன்பு நான் வேலை பார்த்த ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஓடைக்கரையில் எஞ்சின் நின்ற சிமெண்டுத் திட்டு மட்டும் கிடந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். நாய் மாதிரி முகர்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். டீசல் வாடை இன்னும் போகவில்லை.

அது எங்கள் அண்ணனின் வாடை. சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பு ஓட்டினான். அதை ஒரு ஜீப்பு என்று சொல்வதே பொய். கியர்பாக்ஸ் தேவாரம் ஊரில் பிரித்த வண்டியுடையது, பின் அச்சு ராசிங்காபுரத்திலிருந்து வந்தது. மெக்கானிக் காதர் அண்ணன் எதையும் மாட்டுவதற்கு முன் அது யார் வண்டியில் ஓடியது என்று சொல்லிவிடுவார். ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கு அந்தக் கதைகள் மட்டும் அத்துப்படி.

சாயங்காலம் தெருமுனையில் எஞ்சின் இருமினால் அம்மா தட்டில் சோறு போட்டுவிடுவாள். அண்ணன் வந்து உட்காரும்போது ஆவி பறக்கும்.

மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. ஜீப்பைப் பிரிக்க வேண்டியதாயிற்று. செத்தவர் வண்டிச் சாமானை வீட்டில் கேட்காமல் இன்னொரு வண்டிக்கு மாட்டமாட்டார்கள். அது பட்டறை வழக்கம். காதர் அண்ணன் வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்ன அம்மா, எஞ்சின் என்றதும் நிமிர்ந்தாள்.

"அத மட்டும் கீழ எந்த வண்டிக்கும் மாட்டிராதீக தம்பி. தெருவுல சத்தம் கேட்டா நான் சோத்தப் போட்டுருவேன்."

அதனால் அது மலையேறி, செடிகளுக்குத் தண்ணீர் இறைக்க ஓடைக்கரையில் உட்கார்ந்தது. நான் வேலை பார்த்த அதே தோட்டம். தினமும் அதன் சத்தத்தைக் கேட்பேன், அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ஒரு கோடையில் ஆள் பற்றாமல் அம்மாவும் களையெடுக்க வந்தாள். முற்பகலில் எஞ்சினை ஓட்டினார்கள். அம்மா களைக்கொத்தைப் போட்டுவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்தபடி நின்றாள். சோறு ஆறிய பிறகு அவளே சொன்னாள்.

"நல்லாத்தான் ஓடுறான்."

அதற்குப் பிறகு உடம்பு ஒத்துழைத்த வரை ஒரு கோடைகூட அவள் மலையேறாமல் இருந்ததில்லை.

இப்போது அங்கே கரண்டு மோட்டார். எஞ்சினை உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்களாம். காதர் அண்ணன் காலமாகிவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்க இனி யார் இருக்கிறார்கள்? அம்மா நடக்கமாட்டாமல் கட்டிலோடு கிடக்கிறாள். நான் மலையிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"நல்லா ஓடுறானா?"

"ஓடுறான்மா" என்றேன்.