சிங்காரத்தின் நாக்கும் பிலோமினாளின் கையும்

ஞானஒளிவுபுரத்தில் அந்தக் காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் நாளே அரண்டுபோவார்கள். சாயங்காலம் கடைசி வீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்கும்: "சிங்காரம், கையை விடுடா! விடுடான்னா விடு!" கல்யாணம் ஆகாத பிலோமினாள் தனியாகக் குடியிருக்கும் வீடு அது. யாராவது கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பக்கத்து வீட்டு ஒச்சாயி வாசலுக்கு வந்து, "அட, அது பூனைய்யா, போங்க" என்று திருப்பி அனுப்பிவைப்பாள்.

பிலோமினாளுக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசி. திருமங்கலம் ரோட்டில், பசுமலை தாண்டி இருந்த ஒரு பஞ்சாலையில் போன் போர்டு பார்த்தாள். மில்லுக்குள் யார் போனை எடுத்தாலும் அவள் முன்னால் உள்ள பலகையில் ஒரு குட்டி விளக்கு எரியும். அவள் ஒயரை எடுத்துச் செருகினால்தான் பேச்சு. மானேஜரே ஆனாலும் பிலோமினாள் மனசு வைக்க வேண்டும். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அதை அவள் மறைத்ததும் இல்லை.

அம்மா இறந்த பிறகு வீட்டுச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. நினைத்தால் சமைப்பாள், இல்லாவிட்டால் பரோட்டா வாங்கிவந்து இலையை விரித்து உட்கார்ந்துவிடுவாள். ஏன் விளக்கு இன்னும் எரிகிறது, ஏன் ரேடியோ பாடுகிறது என்று கேட்க ஆள் கிடையாது. அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிங்காரம் மில் குடோனில் பஞ்சுப் பொதிகளுக்கு இடையே கிடந்த குட்டி. கண்கூடத் திறக்கவில்லை, தாயையும் காணோம். முந்தானையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து, இங்க் ஃபில்லரால் பால் புகட்டி வளர்த்தாள். செவலை நிறத்தில் வாட்டசாட்டமாக வளர்ந்தது. ஆனால் உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. அவளைத் தாய் என்றே அது முடிவு கட்டியிருந்தது. அவள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் மடியில் ஏறி, மாவு பிசைவதுபோல் முன்னங்கால்களால் பிசைந்துகொண்டு, முழங்கையின் உள்பக்கத்தை நக்க ஆரம்பிக்கும்.

முதலில் அவளுக்கு அது இனித்தது. நாளெல்லாம் ஊர்க்குரல்களைக் காதில் வாங்கிவிட்டு வந்தவளுக்கு, வாய் பேசாத ஓர் உயிர் இப்படி உருகுவது பிடிக்காமல் போகுமா? ஆனால் பூனையின் நாக்கு உப்புத்தாள் மாதிரி. மில்லில் ஓவர்டைம் தொடங்கி, பூட்டிய வீட்டில் சிங்காரம் முழுநாளும் தனியே கிடக்க ஆரம்பித்ததும் நக்குவது இரண்டு மடங்காயிற்று. தோல் சிவந்தது, பிறகு உரிந்தது, பிறகு புண்ணாகிவிட்டது.

வைத்தியத்துக்கா பஞ்சம்? வேப்பெண்ணெயைத் தடவினாள். சிங்காரம் ஒரு நக்கு நக்கி, வாயில் நுரை தள்ளி, முகத்தைக் கோணிக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்காமல் கிண்ணத்தில் பால் ஊற்றிக் கொடுத்தாள். பாலைக் குடித்துவிட்டு மறு கைக்கு வந்தது. முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டாள், கழுத்துக்குத் தாவியது. "மூஞ்சியில தண்ணிய ஊத்து, தன்னால விட்ரும்" என்றாள் ஒச்சாயி. ஊற்றினாள். அது பீரோவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அவள் நெத்திலிக் கருவாட்டைக் காட்டிக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே வரவழைத்தாள். வந்ததும் பயம் தெளியாமல் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நக்கியது.

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். "அது நக்குற வரைக்கும் இது ஆறாதும்மா" என்றும் சொன்னார்.

அண்ணன் இன்பசேகரனுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தங்கச்சி தனியாக இருப்பது அவருக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கெட்ட மனுஷர் இல்லை, பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்துக்குள் அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் சோறு பொங்க இன்னொரு ஆள் வேண்டும் என்ற கணக்கும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"என்ன பிலோமி, கை இம்புட்டு மோசமாக் கெடக்கு? தனியா இருந்தா இப்படித்தான், பூனையைப் பிள்ளையா நெனைக்கத் தோணும். பேசாம நம்ம வீட்டுக்கு வந்துரு. மில்லுக்கும் பக்கம்."

"பூனை, அண்ணே?"

"அலங்காநல்லூர்ப் பக்கம் வயக்காட்டுல விட்டுட்டு வாரேன். எலிக்கா பஞ்சம்? மாதா திருநாளுக்குச் சாப்பிட வருவேன்ல, அதுக்குள்ள கை ஆறலைன்னா சாக்கோடதான் வருவேன். இதுக்கு மேல எங்கிட்டப் பேசாத."

அவர் போன பிறகு பிலோமினாள் அழுதாள். பூனைக்காகவும் அழுதாள், இடுப்பில் இருந்த சாவிக்காகவும் அழுதாள். பூனை போனால் அடுத்த வண்டியில் தன் பெட்டியும் ஏறிவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அழுகிறாளே என்று சிங்காரம் ஓடிவந்து கையை நக்கியது. "சனியனே" என்று திட்டிவிட்டு, அதற்கு ஒரு நெத்திலியும் கொடுத்தாள்.

மறுநாள் போர்டில் ஒரு விளக்கு படபடவென்று சிமிட்டியது. அவசரக்காரர்கள் ரிசீவர் கொக்கியைத் தட்டினால் அப்படித்தான் சிமிட்டும். பிலோமினாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதன் முறை வந்தபோது ஒயரைச் செருகினாள். இந்தப் பொறுமை சும்மா வந்ததல்ல. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஞ்சு கொள்முதல் பார்த்த ராஜாராமன் இப்படித்தான் கொக்கியைத் தட்டித் தட்டி உயிரை எடுப்பார். இவளும் பயந்துகொண்டு மற்றவர்களைக் காக்க வைத்துவிட்டு அவருக்கு முதலில் கொடுப்பாள். தட்டினால் கிடைக்கிறது என்றால் யார்தான் தட்டமாட்டார்கள்? பிறகு ஒரு நாள் தட்டுகிறவருக்கு முந்திக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தாள். ராஜாராமன் கொக்கியே கழன்றுவிடும்போலத் தட்டினார், நேரில் வந்தும் கத்தினார். அவள் அசையவில்லை. ஆனால் காலையில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டு, "சார், கோயம்புத்தூர் லைன் இப்பப் போடட்டுமா?" என்பாள். கொஞ்ச நாளில் மனுஷர் பசுவாகிவிட்டார்.

கையில் ஒயரோடு அப்படியே நின்றாள். முழங்கையில் கட்டியிருந்த துணி கண்ணில் பட்டது. நக்கினால் பால், நக்கினால் நெத்திலி, நக்கினால் திட்டு. திட்டும் ஒரு பேச்சுத்தானே? நாளெல்லாம் ஆளில்லாமல் கிடக்கிற ஜீவனுக்கு அது போதாதா? போர்டில் இத்தனை கெட்டிக்காரியாக இருந்துகொண்டு, வீட்டில் தட்டினவனுக்கெல்லாம் லைன் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே நின்ற பியூன் காசிமாயன் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மில்லில் நூல் சுற்றும் பழைய பாபின் கட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் உட்காரவில்லை. முதலில் வியர்வை உப்புப் போகச் சோப்புப் போட்டுக் கையையும் கழுத்தையும் கழுவினாள். சிங்காரம் கேட்பதற்கு முன்னாலேயே அவளே கூப்பிட்டு, பாபினில் நூலைக் கட்டித் தரையில் இழுத்து ஓடவிட்டாள். அது பாய்ந்து பாய்ந்து களைத்த பிறகுதான் சோறும் மீனும். அதன் பிறகு மடியில் இடம் கொடுத்துத் தலையைத் தடவினாள். நாக்கு வெளியே வந்ததோ, ஒரு சொல் சொல்லாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதலில் நிலைமை மோசமாகத்தான் ஆனது. சிங்காரம் கத்தியது, கதவைப் பிறாண்டியது, குழம்புச் சட்டியைத் தள்ளிவிட்டது. ஒச்சாயி வந்து எட்டிப்பார்த்து, "ஏத்தா, அதுக்கு ஏதாச்சும் குடுத்துத் தொலையேன், காது வலிக்குது" என்றாள்.

"குடுத்தா நான் செத்தேன்க்கா."

கை அரித்தது, மனசு அதைவிட அரித்தது. பால் கிண்ணத்தைத் தொடப்போன விரலைப் பலமுறை இழுத்துக்கொண்டாள். ராஜாராமன் நேரில் வந்து கத்திய நாளை நினைத்துக்கொள்வாள். அவர் கத்தி முடித்த பிறகுதானே அடங்கினார்? இவனும் கொக்கி கழலும்போலத் தட்டுகிறான், கொஞ்சம் பொறு பிலோமி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் சிங்காரம் பாபினை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது. நக்கவில்லை. அண்ணாந்து பார்த்து ஒரே ஒரு தடவை, மியாவ். முறையாகக் காத்திருந்து கேட்கிறது! பிலோமினாள் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள், பாபினை எடுத்து வீட்டின் மறுகோடி வரைக்கும் வீசினாள்.

மாதா திருநாள் வந்தது. பூசை முடிந்து இன்பசேகரன் சொன்ன சொல் தவறாமல் சாக்கோடு வந்தார். பிலோமினாள் குட்டைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கறிச்சோறு பரிமாறினாள். முழங்கை வழுவழுவென்று இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார்.

"மருந்து வேலை செஞ்சிருக்கு" என்றார்.

"ஆமாண்ணே, நல்ல மருந்து."

சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். புது ஆள், கறிவாசம் மாறாத கை, வியர்வை உப்பு வேறு. சிங்காரம் அவர் மடியில் ஏறி மணிக்கட்டை நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தது. "ஏய், ஏய்!" என்று பதறியவர் தட்டில் மிச்சமிருந்த முறுக்கை உடைத்து அதன் முன்னால் நீட்டினார். அது தின்றுவிட்டு மறுபடி நக்கியது. அவர் இன்னொரு துண்டு உடைத்தார்.

"அண்ணே, குடுக்காதீங்க. அப்படியே எந்திரிச்சு வாங்க, ஒண்ணும் பேசாம."

என்ன தோன்றியதோ, வாத்தியார் சொன்னபடி எழுந்து நின்றார். மடி போனதும் சிங்காரம் தரையில் குதித்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு பாபினைத் தேடிப் போய்விட்டது. இன்பசேகரன் தங்கச்சியையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு எவன் பாடம் எடுத்தது?"

"முதல்ல எனக்குத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு" என்றாள் பிலோமினாள்.

அவர் புறப்பட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு சாக்கை மடித்து எடுக்கப் போனார். அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, ஜன்னலுக்குக் கீழே தரையில் விரித்தாள்.

"இது இங்கேயே கெடக்கட்டும்ணே. மழைக்காலம் வருது, அவனுக்குப் படுக்க வேணும்ல."

அண்ணனை பஸ் ஏற்றிவிட்டு வந்தவள், இடுப்புச் சாவியை எடுத்துத் தன் வீட்டைத் திறந்தாள். சிங்காரம் அந்தச் சாக்கின் மேல் படுத்திருந்தது.