தூணில் அக்காவின் முகம்

என் அக்காவோடு நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவள் காய்ச்சலில் இறந்துவிட்டாள். ஆனாலும் அவள்மேல் எனக்கிருந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. நான் சோற்றைச் சிந்தினால் போதும், "அக்கா இருந்திருந்தா இப்படியா சாப்பிடுவா?" என்பார் அம்மா. மூன்று வயதில் போனவள் எப்படிச் சாப்பிட்டிருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டில் மாலை போட்ட படமும் அவளுக்கு மட்டும்தான்.

ஜொகூரில் பாலோ ஊருக்குப் பக்கத்தில், செம்பனைக் கன்று வளர்க்கும் நர்சரியில் அம்மாவோடு வேலை செய்தவர் மாக்சிக். மலாய்க்காரர்கள் அத்தையை அழைப்பதுபோல நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். காட்டோரத்தில் கம்பம் என்று நாங்கள் சொல்லும் சிற்றூரில் வாழ்ந்த ஓராங் அஸ்லி பழங்குடிப் பெண். அக்காவை முதுகில் கட்டிக்கொண்டே கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர். வேலை முடிந்தால் உளியோடு உட்கார்ந்துவிடுவார். பொம்பளைக்கு எதற்கு மரவேலை என்று கம்பத்திலேயே சிலர் முணுமுணுத்தார்களாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் செதுக்கிய தூண்கள் ஜொகூர் பாரு வரை போயின. தன் வாசலில் நட்டிருந்த தூணை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக அவர் குடும்பத்து முகங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களை வரச்சொன்னார். அப்பா வேனில் கூட்டிப்போனார். தூணில் ஒரு புது முகம். உப்பிய கன்னம், நெற்றியில் பொட்டு. அக்காவேதான். அம்மா அதைத் தடவித் தடவி அழுதார். எனக்கு வயிறு எரிந்தது. படத்தில் இருந்தது போதாதென்று இங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டாளா?

"என் மூஞ்சியையும் செய்யுங்க மாக்சிக்! அவளுக்குக் கீழ இடம் இருக்கே!" என்று காலை உதைத்துக் கத்தினேன்.

மாக்சிக் உளியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அலமாக்! வேணாம் லா கண்ணு. உன் மூஞ்சி உங்கிட்டயே இருக்கட்டும்."

ஒருநாளும் கை நீட்டாத அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டார். அடுத்த நிமிடமே என்னை வாரித் தூக்கிக்கொண்டார்.

அந்த இடத்தில் இப்போது மாக்சிக்கின் முகம் இருக்கிறது. அவர் உளியை எடுத்துக்கொண்ட மகள் செதுக்கியது. இறந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தூணில் இடம் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. வேனில் அம்மா என்னை மடியைவிட்டு இறக்கவே இல்லை. மூச்சு முட்ட இறுக்கிப் பிடித்திருந்தார். அக்காவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். வேன் கிளம்பும்போது சன்னல் வழியாகத் தலையை நீட்டி, அக்காவைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன்.