வளவுக்குள் மீன் பொரித்த நாள்

1. வாசம்

கதவைத் தள்ளும் முன்பே மீன் பொரிக்கிற வாசம் வந்தது. பின்பக்கக் கொட்டகையிலிருந்து வந்திருந்தால் கவலை இல்லை. இது வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அன்று மதியம் ஆச்சி வருவதாக இருந்தது.

இடம் திருமயம் பக்கம் ஓர் ஊர். சென்னைக்குக் குடிபோன செட்டியார் குடும்பத்தின் பழைய வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறோம். செல்போனில் புக் செய்துவிட்டு வருவார்கள். சாவி கொடுப்பது, கூட்டித் துடைப்பது, வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் என் வேலை. முதலாளி பெயர் முத்தையா. சென்னையில் இருந்துகொண்டு போனில் பேசுவார்.

வீடு அவருக்கு மட்டும் சொந்தம் இல்லை. பங்காளிகள் இருக்கிறார்கள். மூத்தவர் திருச்சியில் இருக்கிற மெய்யம்மை ஆச்சி. நடுவில் முற்றமும் சுற்றிலும் தூண்களுமாக இருக்கிற வளவை ஒட்டி ஓர் அறை பூட்டியே கிடக்கும். உள்ளே ஒரு பேழை. செத்துப்போன முன்னோருக்காக வைத்திருக்கிற சேலையும் வேட்டியும் அதில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பங்காளிகள் கூடி அதைத் திறந்து படைப்பார்கள். இந்தக் குடும்பத்துப் படைப்பு சைவம். பேழை இருக்கிற கூரைக்குக் கீழே கறி, மீன், முட்டை எதுவும் கூடாது. அந்த ஒரு கண்டிஷனோடுதான் வாடகைக்கு விட ஆச்சி சம்மதித்தார். மீறினால் வாடகை நின்றுவிடும். வாடகை நின்றால் என் சம்பளமும் நின்றுவிடும். என் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

2. எழுத விடாத முதலாளி

ஆரம்பத்திலேயே நான் முத்தையாவிடம் சொன்னேன்.

"அண்ணே, கறி மீனு உள்ள கூடாதுன்னு புக்கிங்லயே போட்டுருங்க."

"வேணாம் பாக்கியம். வர்றவங்களோட எலையில கைய வைக்கிற மாதிரி இருக்கும். ரேட்டிங்க கொறச்சுருவாங்க. நீ ஆளப் பாத்துப் பக்குவமாச் சொல்லிக்க."

பக்குவமாகச் சொல்வது எனக்கு வராது. ஊருக்கே தெரியும். ஆனாலும் சம்பளம் கொடுக்கிறவர் சொன்னார் என்று சொல்லிப் பழகினேன். கேட்டில் நின்று எல்லோருக்கும் ஒரே பாட்டு. "வாங்க வாங்க. ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க. அடுப்பு, சிலிண்டரு, பாத்திரம் எல்லாம் இருக்கு. கறி மீனுன்னா பின்னாடி கொட்டகையில செஞ்சா வசதியா இருக்கும்."

வசதியாக இருக்குமாம். அதைக் கேட்கிறவனுக்கு அங்கே ஒரு விதி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலானவர்கள் கொட்டகைக்குப் போனார்கள், அதனால் நாள் ஓடியது.

3. திருப்பூர்க்காரர்

அன்றைக்கு இருந்தவர் திருப்பூர்க்காரர். பெயர் சண்முகம். பனியன் கம்பெனியில் வேலை. மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தார். விடியலில் ஜெகதாப்பட்டினம் போய் ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய விளமீனும் நண்டும் வாங்கி வந்துவிட்டார்கள். வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக்கு மேலே தகரம் உண்டு, பக்கத்தில் மறைப்பு கிடையாது. சாரல் அடித்து அடுப்பு அணைந்திருக்கிறது. மனுஷர் அடுப்பைத் தூக்கி வளவுக்குள் வைத்துவிட்டார். பூட்டிய அறைக்கு நாலடி தள்ளி.

நான் போனபோது அவர் மனைவி முற்றத்து ஓரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். மீன் செதிள் தண்ணீரோடு வளவு முழுக்க ஓடியிருந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

"ஏனுங்கக்கா, பாதி வெந்துட்டிருக்குதுங்க" என்றார் சண்முகம்.

"யாரக் கேட்டு உள்ள வச்சீங்க? இது சாமி இருக்குற எடம். மீனத் தூக்குங்க மொதல்ல."

"சாமி இருக்குதுன்னு எங்ககிட்ட யாரு சொன்னா? அந்த ரூம் பூட்டியிருக்குது. நான் ஸ்டோர் ரூம்னு நெனச்சேன்."

"பின்னாடி கொட்டகையில செய்யச் சொன்னேனா இல்லையா?"

"வசதியா இருக்கும்னீங்க. மழையில வசதியா இல்லீங்க. சாமி கும்புடுற எடத்துல நாங்களும் மீனு ஆக்க மாட்டோமுங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. எங்க வீட்டுல மழை வந்தா அடுப்ப உள்ள வெப்போம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. யார் மேல் எரிந்து விழுவது என்று தெரியாமல் வாளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். அவர் மனைவியும் எழுந்து வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சிருந்தா செய்வமாக்கா?" என்றார். பிள்ளைகள் பசியில் சிணுங்கின. பொரித்த துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தார் சண்முகம்.

வாசலில் கார் வந்து நின்றது. மதியம் வரவேண்டிய ஆச்சி முன்னதாகவே வந்துவிட்டார்.

4. ஆச்சி

முகப்பிலேயே நின்றுவிட்டார். மூக்கைப் பொத்தக்கூட இல்லை.

"என்ன பாக்கியம்."

"ஆச்சி, மழை. கொட்டகையில சாரல்."

பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தன. நான் அவற்றை வெளியே தள்ளப் போனேன்.

"இரு. சாப்புடுறவுகள எழுப்பாதே. மொதல்ல சாப்புட்டு முடிக்கட்டும்" என்றார் ஆச்சி. முகப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் தின்று முடிக்கும் வரை உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு உள்ளே வந்தார். பூட்டிய அறையின் நிலைப்படியில் செதிள் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போன் போட்டார்.

"முத்தையா, பேழைய நான் திருச்சிக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். இந்த வருசப் படைப்பு அங்க."

போனில் அவர் என்னவோ கெஞ்சினார்.

"வந்தவுகளக் கொற சொல்லாதே. ஒன் வீட்டுல எது கூடும், எது கூடாதுன்னு சொல்ல ஒனக்கு வாய் வரல. அது வர்ற வரைக்கும் வாடகைக்கு விடாதே."

சண்முகம் அன்றே கிளம்பினார். போகும்போது, "மொதல்லயே சொல்லியிருந்தா வேற வீடு பாத்திருப்பேனுங்க" என்றார். அதைத்தான் நானும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் இல்லை.

5. என் கண்டிஷன்

வீடு பூட்டிக் கிடந்தது. நான் கறம்பக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனேன். அண்டா விளக்கி விளக்கி விரல் இடுக்கெல்லாம் புண். ரேட்டிங் குறையும் என்று பயந்தவருக்கு ஒரு விரலும் வலிக்கவில்லை.

முத்தையா திரும்பக் கூப்பிட்டபோது என் கண்டிஷனைச் சொன்னேன். கொட்டகைக்கு மூன்று பக்கமும் தகரம் அடிக்கணும். அசைவத்துக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட். கறி, மீன், முட்டை கொட்டகையில் மட்டும், சாப்பிடுவதும் அங்கேயே. உள் அடுப்படியில் சைவம் மட்டும். காரணத்தையும் சேர்த்து, காசு வாங்குவதற்கு முன்னால் போனில் அனுப்பணும். காரிலிருந்து பெட்டி இறங்கும் முன் கேட்டில் நான் இன்னொரு தடவை சொல்வேன். பிடிக்காதவர் அப்படியே திரும்பிப் போகலாம். எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஆச்சிக்கும் அவரே சொன்னார். அடுத்த படைப்புக்கு முன் பேழை திரும்பி வந்தது.

சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு கார் திரும்பியே போனது. போகட்டும். கொட்டகை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, நண்டைக் கொண்டுபோய் ஆசை தீர ஆக்கித் தின்னுங்கள் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே போகிறார்கள்.

போன மாதம் முத்தையா தன் கூட்டாளிகளோடு வந்தார். கையில் கட்டுமாவடி இறால் ஒரு பை. பேசிக்கொண்டே முகப்பில் கால் வைத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"அண்ணே, அது கொட்டகைக்கு."

"பாக்கியம், ஐஸ்ல வச்சுட்டு எடுத்துக்கிறேன். சமைக்கலயே." கூட்டாளிகள் பார்க்கிறார்கள் என்று குரலை இறக்கினார். "என் வீட்டுக்குள்ள நான் போகக் கூடாதா?"

"நீங்க போங்க. பையக் குடுத்துட்டுப் போங்க. கொட்டகையில ஐஸ் பெட்டி வச்சிருக்கேன்."

அவர் கூட்டாளிகளைப் பார்த்து, "இங்கிட்டு வாங்கப்பா, பின்னாடி வழியிருக்கு" என்று பையோடு சந்துப் பக்கம் திரும்பினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்க வீடு மாதிரி என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எந்த அடுப்பில் எதைச் சமைக்கலாம் என்று சொல்லுங்கள். முதலாளிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.