கண்ணாடி போட்டு மாட்டிய டெர்மகண்ட்

என்னைப் பற்றி நீ எழுதிய இங்கிலீஷ் வார்த்தைக்கு உனக்கே அர்த்தம் தெரியாது. தெரிந்து எழுதியிருந்தால் இன்னும் மோசம். அண்ணாத்த என்று கூப்பிட்ட வாயால்தான் இப்போது நீ என்கிறேன்.

நீ என் வீட்டுக்காரரின் சிநேகிதன். செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தாய். ஐம்பதுகளில் எங்கள் பக்கம் தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மைக்கைப் பிடித்து வாழ்த்துப் பத்திரம் வாசிப்பார்கள். சாம்பார் ஆறிப்போனாலும் விடமாட்டார்கள். ரோஸ் காகிதத்தில் அச்சடித்து எல்லோருக்கும் ஒன்று கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் கண்ணாடி போட்டுத் தருவார்கள். அது கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

தமிழில் எழுதினால் கௌரவம் குறையும் என்று நீ இங்கிலீஷில் எழுதினாய். எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன பழைய அகராதி ஒன்று உன்னிடம் இருந்தது. அதில் வாய்க்குள் நுழையாததாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாய். நான் டெர்மகண்ட். என் வீட்டுக்காரர் அக்ஸோரியஸ். பந்தலே கை தட்டியது. நானும் தலையைக் குனிந்து வெட்கப்பட்டேன். எதற்கென்றுதான் தெரியவில்லை.

மகாபலிபுரத்தில் மாமியார் வீடு. வந்தவர் போனவரையெல்லாம் படத்தின் முன்னால் நிறுத்தி, "எம் மருமவ டெர்மகண்ட்டு. இந்த ஊர்ல வேற எவளாவது கீறாளா?" என்பார் மாமியார். மீன்காரிகூட, "டெர்மகண்ட்டம்மா, வஞ்சிரம் கீது, வாங்கிக்கினு போ" என்று வாசலில் கத்துவாள்.

மறு வருஷம் கோடையில், கல் ரதம் பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதி தாகத்துக்கு எங்கள் வீட்டில் ஏறினார்கள். மாமியார் இளநீர் வெட்டிக் கொடுத்து, கையோடு படத்தையும் காட்டினார். துரைசானி படித்தாள். என்னைப் பார்த்தாள். முகம் சிவக்கச் சிரித்தாள். நான் எட்டாவது வரை படித்தவள். தெரிந்த இங்கிலீஷில் அர்த்தம் என்ன என்று கேட்டேன். ரொம்பப் பழைய வார்த்தை, இப்போது யாரும் சொல்வதில்லை என்றாள். பிறகு இடுப்பில் கைவைத்து, புருஷன் மூக்குக்கு நேராக விரலை ஆட்டி ஒரு கத்து கத்தினாள். அந்த மனுஷன் பயந்தவன்போல் மூலையில் ஒடுங்கினான்.

"பாத்தியாடி! வூட்டையே அதட்டி ஆள்றவளாம்!" என்று மாமியார் பூரித்துப்போனார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சண்டைக்காரி. அடங்காப்பிடாரி.

"அத்தே, படத்த எறக்குங்க. அது திட்டு."

"திட்டா? கண்ணாடி போட்டு எவனாவது திட்டுவானா? போடி."

விடுவேனா? வீட்டுக்காரருக்கு நீ எழுதிய அக்ஸோரியஸுக்கும் துரைசானியிடம் அர்த்தம் கேட்டேன். அவள் குடையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். அவன் குடை பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

"ஒங்க புள்ளைக்கும் ஒண்ணு கீது அத்தே. பொண்டாட்டி பின்னாடியே சுத்தறவராம்."

மாமியார் முக்காலி போட்டுத் தானே ஏறினார். படம் அரிசிக் குதிருக்குப் பின்னால் போயிற்று. எனக்காக இறங்காத படம் பிள்ளைக்காக ஒரு நிமிஷத்தில் இறங்கியது. ஆனால் பெயர் இறங்கவில்லை. மீன்காரி சாகும்வரை எனக்கு அதுதான் பெயர்.

அந்தத் தீபாவளிக்குச் சாப்பிட வந்தாய். இலையில் உட்காரவைத்து நேராகவே கேட்டேன்.

"அதெல்லாம் தமிழ்ல சொன்னா சின்னதாப் பூடும் தங்கச்சி. இன்னொரு அதிரசம் வை" என்றாய். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. அவர் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். நிச்சயதார்த்தத்தன்று என் பட்டுப்புடவையில் பீடிச் சாம்பலைக் கொட்டினாய். கூட்டத்தில் உன்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அதை நீ மறக்கவில்லையோ?

வருகிற தையில் என் மகளுக்குக் கல்யாணம். வாழ்த்து நீதான் எழுதப்போகிறாயாம், அதே அகராதியைத் தூசி தட்டுகிறாயாம். வா. மைக் இருக்கும், இரண்டு வீட்டு ஜனமும் இருக்கும். என் மகளைப் பற்றி வாயைத் திறக்குமுன் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில், எனக்குப் பதில் சொல். அர்த்தம் தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா? சொல்லும்வரை பந்தியில் உனக்கு இலை விழாது.